பாலும் தசையும்: ஒரு சொல்லின் வரலாறு

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி, பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற் கற்கும் தன் தமையனைத் தொலைபேசியில் அழைத்து ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். அச்சொல் ‘இலக்ரிக்கமிலம்’ என்பது. பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்திற் பங்குபற்றிய அவளுக்கு, ஓட்டத்தின் முடிவிற் கால் பற்றி எரிந்தது. அடுத்த இரு நாள்களும் படியிறங்க முடியாதவாறு தொடை நொந்தது. அம்மம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவிவிட்டார். வகுப்புத் தோழியரோ “காலுக்குள்ள இலக்ரிக்கமிலம் சேர்ந்திட்டுது” என்று பாடநூலின் துணைகொண்டு நோய்க்குக் காரணம் கூறினர். அவளது கொப்பியிலும் அச்சொல் இருந்தது. சென்ற தவணைப் பரீட்சையில் அதனை வைத்து எழுதிய விடைக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருந்தது. ஆயினும் அவளுக்கு நிறைவில்லை.

“பாடமாக்கிப்போட்டன் அண்ணா, ஆனா விளங்கேல்லை” என்றாள். ‘இலக்கு’, ‘இலக்கியம்’ என்பவற்றோடு ஏதும் உறவுடைய சொல்லோ என்றும் அவள் ஐயுற்றிருந்தாள்.

மொழியியலை ஒரு பாடமாகக் கற்கும் தமையன் சிரித்தான். அது தமிழ்ச்சொல்லன்று என்றும், இலத்தீன் மொழியிற் பாலைக் குறிக்கும் ‘லக்’ என்னுஞ் சொல்லின் வழிவந்தது என்றும், மொழிக்கு முதலில் லகரம் வாராது என்னும் இலக்கண விதியைக் காக்கும்பொருட்டு இகரம் முன்னே சேர்க்கப்பட்டது என்றும் விளக்கினான். விளக்கம் முடிந்ததும் அவள் ஒரே ஒரு வினாவைக் கேட்டாள்: “அப்ப, என்ர காலுக்குள்ள பால் எப்பிடி வந்தது?”

அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருக்கவில்லை. சொல்லின் வேரைக் கூறியவுடன் சொல்லின் பொருளையும் கூறிவிட்டதாக எண்ணியது தவறு என்பதை அவன் உணர்ந்தான். சில நாள் மாலைப்பொழுதுகளை நூலகத்திலும், எஞ்சிய நேரத்தை விஞ்ஞானபீட நண்பன் ஒருவனின் அறையிலும் கழித்து அவன் அறிந்துகொண்ட செய்திகள், ஒரு சிறு சொல்லுக்குள் எத்துணை நீண்ட வரலாறு அடங்கியிருக்கலாம் என்பதற்குத் தக்க சான்றாகும்.

கதை சுவீடனிலே தொடங்குகிறது. கார்ல் வில்லெம் ஷீலே என்பவர் அந்நாட்டின் சிறு நகரொன்றில் மருந்துக்கடை நடத்தியவர். ஒட்சிசனை முதன்முதல் வேறாக்கியவர்களுள் ஒருவராகவும் அவர் போற்றப்படுகிறார். புளித்த பாலை ஆராய்ந்த அவர், அதன் புளிப்புக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து 1780ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவீடிய மொழியில் அவர் அதனைப் ‘பாலின் அமிலம்’ என்றே குறித்தார். பாலிலிருந்து எடுத்த புளிப்புக்கு அதனினும் எளிய பெயர் வேறில்லை. 1787இல் இலவோசியேயும் அவருடைய தோழர்களும் பிரான்சில் இரசாயனப் பொருள்களுக்கு ஒழுங்கான பெயரிடல் முறையொன்றை வகுத்தனர். நாட்டுக்கு நாடு வேறுபட்ட பழைய பெயர்கள் விலக்கப்பட்டு, இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து புதுப் பெயர்கள் ஆக்கப்பட்டன. அம்முறையிற் பாலின் அமிலம் ‘அசிட் லக்திக்’ ஆயிற்று. அதிலிருந்தே ஆங்கிலச் சொல்லும், அதன் வழியே நமது பாடநூற் சொல்லும் பிறந்தன.

இலத்தீன் ‘லக்’ என்பதற்குக் கிரேக்கத்தில் உறவான சொல் ‘கலா’ என்பதாம். வானிலே வெண்ணிறப் பட்டையாகத் தெரியும் விண்மீன் கூட்டத்தைப் பாலோடு ஒப்பிட்டு அதற்குக் கிரேக்கர் இட்ட பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததே. அதனைத் தமிழிற் ‘பால்வீதி’ என மொழிபெயர்த்தபோது உவமை கெடாது வந்துசேர்ந்தது. சலாது எனப்படும் இலைக்கறியின் தண்டை முறித்தால் வெண்ணிறச் சாறு வடியும். அதற்கு உரோமர் இட்ட பெயரிலும் ‘லக்’ உண்டு. எருக்கிலும் கள்ளியிலும் வடிவதைத் தமிழர் பால் என்றழைப்பது போன்றதே இதுவும். பால் என்ற ஒன்றைக் கண்டு அதுபோன்றவற்றுக்கெல்லாம் அப்பெயரையே நீட்டுதல் மக்கள் மொழிகளுக்கு இயல்பு எனலாம்.

ஆனால், தசைக்கு இப்பெயர் சென்றது உவமையினாலன்று. 1807–1808 காலப்பகுதியில் அதே சுவீடனைச் சேர்ந்த பெர்சீலியசு என்னும் இரசாயனவியலாளர், வேட்டையாடப்பட்ட மான்களின் இறைச்சியில் ஷீலேயின் அமிலத்தைக் கண்டார். நாய்களுக்கு அஞ்சி ஓடிக் களைத்து வீழ்ந்த விலங்கின் தசையில், அடுப்படியிற் புளித்த பாலின் பொருள் இருந்தது. ஓட்டத்துக்கும் இவ்வமிலத்துக்கும் தொடர்புண்டு என்னும் கருத்து அவரோடு தோன்றியது. இவ்வகையில், இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடிய மாணவியின் காலுக்கும் அக்காட்டு மானின் காலுக்கும் இடையே நேரான வழியொன்று உண்டு.

1847இல் யேர்மானிய அறிஞர் லீபிக் இறைச்சியின் இரசாயனத்தை விரிவாக ஆராய்ந்து, தசையில் இவ்வமிலம் உண்டு என்பதை உறுதிப்படுத்தினார். தசையிற் பெற்ற அமிலம், பாலிற் பெற்றதோடு எல்லா வகையிலும் ஒத்திருக்கவில்லை என்பதும் தெரியவந்தது. ஆகவே தசையிலுள்ளதற்குத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. யேர்மானியர் இரண்டையும் சேர்த்து ‘இறைச்சிப் பாலமிலம்’ எனப் பொருள்படும் சொல்லொன்றை ஆக்கினர். ஆங்கிலத்தில், ஊனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முன்னும், பாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைப் பின்னும் வைத்து ‘சார்கோலக்ரிக்’ என்றனர். ஊனும் பாலும் ஒரே சொல்லில் அருகருகே அமர்ந்த விந்தையை இங்கே காண்கிறோம். பின்னர் 1873இல் விசிலிசீனசு என்பார், இவ்விரு அமிலங்களும் ஒரே அணுக்களை ஒரே ஒழுங்கிற் கொண்டவை எனவும், வேறுபாடு அவ்வணுக்கள் வெளியில் அமைந்துள்ள விதத்திலேயே இருத்தல் வேண்டும் எனவும் காட்டினார். இடக்கையும் வலக்கையும் போல, ஒன்று மற்றையதன் ஆடிவிம்பமான இரு வடிவங்கள் இவ்வமிலத்துக்கு உண்டு. தசையிற் பிறப்பது ஒரு கை மட்டுமே. பால் புளிக்கும்போது இரு கைகளும் கலந்து கிடைப்பதுண்டு. மூலக்கூறுகளைத் தாளில் வரைந்த தட்டையான கோடுகளாகக் கருதாது, நீள அகல உயரமுடைய உருவங்களாகக் கருதும் விஞ்ஞானத்துக்கு வழிதிறந்த பொருள்களுள் இதுவும் ஒன்று.

தசை என்னும் பொருளுக்கு ஐரோப்பியர் வழங்கும் சொல்லும் கருதத்தக்கது. இலத்தீன் ‘முஸ்குலுஸ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘சிற்றெலி’ என்பதாகும். கையை மடக்குந்தோறும் புயத்தில் தோலின்கீழ் ஓடித்திரிவது எலிபோலத் தோன்றியமையால் இப்பெயர் வந்தது என்பர். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல் வழங்கியது. தமிழர் எலியைக் காணவில்லை, மீனைக் கண்டனர். முழங்காலின் கீழே பின்புறத்திற் பருத்துக் கீழ்நோக்கி ஒடுங்கும் பகுதிக்குக் கெண்டை என்று பெயரிட்டனர். அத்தசை இறுகி வலிக்கும்போது ‘கெண்டை பிரட்டுது’ என்பது இன்றும் வழக்கு. நீருக்குள் மீன் புரள்வதைக் கண்ட கண்களே அச்சொல்லை ஆக்கியிருத்தல் வேண்டும். தங்கையின் வினாவுக்கு அம்மம்மாவின் பேச்சிலேயே பாதி விடை இருந்தது என்று தமையன் எண்ணிக்கொண்டான். காலுக்குள் மீன் வந்தது எப்படியோ, அப்படியே பாலும் வந்தது. இரண்டும் கண்டவர்களின் கண்ணிலிருந்து வந்தவை.

மற்றப் பாதி விடையும் அம்மம்மாவிடமே இருந்தது. மாலையிற் காய்ச்சி ஆறவிட்ட பாலில் அவர் ஒரு கரண்டி உறைமோரை இடுவார். விடிய அது தயிராகிவிடும். 1857இல் பிரான்சின் லீல் நகரிலே பாஸ்ரர் இச்செயலை ஆராய்ந்து, பால் புளிப்பது நுண்ணிய உயிர்களின் தொழில் என்று காட்டினார். உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள் பாலின் வெல்லத்தை உட்கொண்டு இலக்ரிக்கமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு மிக மிகப் பாலின் புரதம் திரண்டு உறைகிறது. அவை அவ்வாறு செய்வது வாழ்வதற்கான சத்தியைப் பெறும்பொருட்டாகும். ஒட்சிசன் துணையின்றியே வெல்லத்தை உடைத்துச் சத்தி பெறும் பழமையான வழி அது. ஓடும் மனிதனின் தசைக்கலமும், தேவை மிகும்போது, அவ்வழியையே பெரிதும் நாடுகிறது. குளுக்கோசு மூலக்கூறொன்று உடைந்து இறுதியில் இலக்ரேற்று மூலக்கூறு இரண்டாகிறது. ஆகவே தயிர்ச்சட்டியிலும் ஓட்டக்காரியின் தொடையிலும் நிகழ்வது அடிப்படையில் ஒரே தொழில். பெயரிட்டவர்கள் இதனை அறிந்திருக்கவில்லை. அறியாமலே ஒரு பெயரால் இரண்டையும் சரியாக இணைத்துவிட்டனர்.

இவ்வளவிலே கதை முடிந்திருந்தால், சொல்லையும் பொருளையும் பற்றிய ஐயம் தீர்ந்திருக்கும். ஆனால், சொல் மாறாதிருக்க அதன் பொருள் மேலும் மாறியது. 1907இல் கேம்பிறிட்சில் பிளெச்சரும் கொப்கின்சும் தவளைத் தசைகளைக் களைக்கும்வரை இயக்கி, அவற்றில் இவ்வமிலம் சேர்வதையும், ஒட்சிசன் கிடைத்ததும் அது குறைவதையும் அளந்து காட்டினர். தசையின் வெப்பத்தை ஆராய்ந்த ஹில் என்பாருக்கும், தசையில் ஒட்சிசன் நுகர்வுக்கும் இவ்வமிலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மையர்கோவ் என்பாருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தசை சுருங்குவதற்கே இவ்வமிலம் இன்றியமையாதது என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. 1930இல் தென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட், இவ்வமிலம் தோன்றாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குகிறது என்று காட்டவே, அந்நம்பிக்கை தகர்ந்தது. பின்னர் இவ்வமிலம் உடலின் கழிவு என்றும், களைப்புக்கும் நோவுக்கும் காரணமான நஞ்சு என்றும் கருதப்பட்டது. விளையாட்டுத் திடல்களில் இக்கருத்தே இன்றும் பலரால் ஒப்புவிக்கப்படுகிறது.

ஆயின், ஆய்வுகள் வேறு கூறுகின்றன. தசை வெளிவிடும் இலக்ரேற்றை ஈரல் ஏற்று மீண்டும் குளுக்கோசாக்கி இரத்தத்துக்கு அளிக்கிறது என்பதைக் கார்ல் கோரி, கேர்ட்டி கோரி தம்பதியர் 1929இல் விளக்கினர். 1980களில் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் புறூக்ஸ், ஒரு கலம் ஆக்கும் இலக்ரேற்றை இன்னொரு கலம் எரிபொருளாகப் பயன்படுத்துகிறது என்னும் கருத்தை முன்வைத்தார். ஓயாது துடிக்கும் இதயமும் அதனை விரும்பி எரிக்கும் உறுப்பாகும். கடும் ஓட்டத்தின் பின் இரத்தத்தில் உயரும் இலக்ரேற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் வழமையான அளவுக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் நோவோ, பழக்கமற்ற உழைப்பினால் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தினாலும் அதனைத் தொடரும் அழற்சியினாலும் விளைவது. தவணைப் பரீட்சையில் தங்கை அந்நோவுக்குக் காரணமாக எழுதியதும் இவ்வமிலத்தையே. முழுப் புள்ளி பெற்ற விடை பிழையானது என்பதைத் தமையன் அன்றிரவு அறிந்தான். இதயத்துக்கு உணவாகும் பொருளை நஞ்சென்று எழுதியதற்கு அவளைக் குறைகூற இயலாது. விளங்காத சொல்லொன்றைச் சரியான இடத்தில் வைப்பதே கல்வி என்று அவளுக்குப் பழக்கப்பட்டிருந்தது.

இங்கே, விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கும் நமது நாட்டுக்குரிய வினாவொன்று எழுகிறது. இச்சொல்லைத் தமிழில் எங்ஙனம் வழங்குதல் தகும்? தமிழ்நாட்டு நூல்களில் ‘லாக்டிக் அமிலம்’ என்பது பெருவழக்கு. மொழிபெயர்ப்பை விரும்புவோர் ‘பாலமிலம்’ எனலாம் என்பர். இவ்வினா இலங்கைத் தமிழருக்குப் புதியதன்று. லீபிக் இறைச்சியை ஆராய்ந்த அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிற்காலத்தில் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1867இல் வெளிவந்த அவரது நூலொன்றுக்கு நாட்டு வழக்கையே தழுவி ‘இரணவைத்தியம்’ என்று பெயர்; 1875இல் வெளிவந்த இன்னொன்றுக்கோ ‘கெமிஸ்தம்’ என்று ஒலிபெயர்ப்பாகவே பெயர் அமைந்தது. மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு என்னும் இரு வழிகளிலும் அவர் நடந்திருக்கிறார். சுதந்திரத்தின் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் இரசாயனப் பெயர்களைப் பெரிதும் ஒலிபெயர்த்துத் தமிழ் எழுத்திலக்கணத்துக்கு இணக்கின. ‘ஒட்சிசன்’, ‘ஐதரசன்’ என்பன அவ்வாறு நிலைபெற்றவை.

மொழிபெயர்ப்பு எப்போதும் மேலானது என்று கூறுதற்கில்லை. ஒட்சிசன் என்பதன் கிரேக்கப் பொருள் ‘புளிப்பை ஆக்குவது’ என்பதாகும். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று இலவோசியே நம்பி அப்பெயரை இட்டார். ஐதரோகுளோரிக்கமிலத்தில் அது இல்லை என்பது பின்னர் வெளியாயிற்று. யேர்மானியர் அப்பெயரைத் தம்மொழியில் ‘புளிப்புப் பொருள்’ என மொழிபெயர்த்தமையால், அப்பிழையை இன்றும் வெளிப்படையாகச் சுமக்கின்றனர். ஒலிபெயர்த்தவர்களிடம் அது மறைந்திருக்கிறது. எறும்புகளிலிருந்து முதன்முதல் வடித்தெடுக்கப்பட்டதால் எறும்பின் பெயரைப் பெற்ற போமிக்கமிலம், நமது நாட்டில் இறப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படுகிறது. அதனை ‘எறும்பமிலம்’ என்றால், தொழிற்சாலையில் எறும்பைத் தேடவேண்டிவரும். பாலமிலம் என்றால், தங்கையைப் போலக் காலிற் பாலைத் தேடவேண்டிவரும். ஆனால் இலக்ரிக்கமிலம் என்றால் எதனையும் தேடத் தோன்றாது. மனனஞ் செய்யவே தோன்றும். தேட வைக்கும் சொல்லின் தவறு, தேடும்போதே திருந்தக்கூடும். தேடவே விடாத சொல்லுக்கு அத்தகைய பயன் இல்லை.

இரண்டிலும் குறையுண்டு எனின், குறையை நீக்குவது சொல்லை மாற்றுவதனால் மட்டும் ஆகாது. கொழும்பிலே நாற்பதாண்டு கடை நடத்தியவரையும் ‘புங்குடுதீவார்’ என்றே அயலார் அழைப்பர். அவர் எங்கிருந்து வந்தவரென முதன்முதல் அறியப்பட்டாரோ, அதுவே அவர் பெயராகிறது. அவர் இன்று என்ன செய்கிறார் என்பதைப் பெயர் கூறாது; அறிய விரும்புவோர் அவரோடு பழகவேண்டும். விஞ்ஞானச் சொற்களும் இத்தகையனவே. ஒரு பொருள் எங்கே முதலிற் சந்திக்கப்பட்டது என்பதை அவை கூறுகின்றன. அப்பொருளின் முழு இயல்பைக் கூறுவனவாக அவற்றைக் கொள்ளலாகாது. சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் ஊரையும் பயணத்தையும் ஐந்து நிமிடத்திற் கூறுவாராயின், ‘லக்’ என்பது பாலென்றும், பாலிற் கண்டது மானிலும், மானிற் கண்டது தவளையிலும் மனிதனிலும் காணப்பட்டதென்றும், நஞ்சென்று எண்ணியது உணவாயிற்றென்றும் மாணவர் அறிவர். மனிதர் கண்டு, பிழைத்து, திருத்திக்கொண்டதே விஞ்ஞானம் என்பதும் அப்போது விளங்கும். அதனை அறியாது தாய்மொழியிற் கற்பதும் அந்நிய மொழியிற் கற்பதும் பெரிதும் வேறல்ல. எழுத்து மட்டும் நம்முடையதாக இருக்க, எண்ணம் பிறருடையதாகவே நின்றுவிடும்.

இச்செய்திகளையெல்லாம் தமையன் அடுத்த ஞாயிறன்று தங்கைக்குக் கூறினான். அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். மானைப் பற்றிக் கூறியபோது சற்று நேரம் பேசாதிருந்தாள். ஈற்றில், “அப்ப நான் எழினது பிழையெண்டு ரீச்சரிட்டச் சொல்லட்டோ?” என்று கேட்டாள். புள்ளி குறையக்கூடும் என்று அவன் எச்சரித்தான். “குறைஞ்சாக் குறையட்டும், இப்ப விளங்கியிட்டுது” என்பது அவள் விடை.

தமிழ்மூலக் கல்வியைப் பற்றி நாம் பல கூட்டங்களிற் பேசுகிறோம். கலைச்சொற்கள் குறித்துப் பலகாலம் வாதிடுகிறோம். அவ்வாதங்கள் வேண்டியனவே. எனினும், எந்தச் சொல்லைத் தெரிவுசெய்தாலும், அதனைப் பெறும் மாணவரின் வாயிலிருந்து ‘பாடமாக்கிப்போட்டன்’ என்பதற்குப் பதிலாக ‘விளங்கியிட்டுது’ என்னும் சொல் வெளிவருதல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்துக்கு அதனைவிடச் சிறந்த அளவுகோல் இருக்கமுடியாது.